குழம்புக்கு ஓர் உருண்டைப் புளி

கடத்தூர் புளி மண்டியில் நாற்பது பெண்கள் வேலையை விட்டுப் போன கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கூலி பற்றவில்லை, போனார்கள்; கூலியைக் கூட்டினார்கள், வந்தார்கள் என்று இரண்டே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அந்த நாற்பது பேரில் நான் ஒருத்தி. பாஞ்சாலிக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து பதினோரு வருசம் புளி தட்டியவள். நான் சொல்வதுதான் நடந்தது.

பாஞ்சாலி இண்டூரில் பிறந்தவள். கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்தபோது புளியங்கொட்டையை வைத்துத் தாயம் உருட்டத்தான் அவளுக்குத் தெரியும். மூத்த மகள் காவேரிக்கு ஏழு வயசானபோது நான்தான் மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மாசத்தில் என்னை மிஞ்சிவிட்டாள். அவள் புருசன் தர்மன் கட்டிட வேலைக்குப் பெங்களூர் போனவன், மாசத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டுவான். காவேரியையும் அவள் தங்கச்சியையும் பாஞ்சாலி புளி தட்டித்தான் வளர்த்தாள்.

புளி வேலை பார்ப்பதற்குச் சுலபம். மாசி பிறந்ததும் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்தும் மலை ஊர்களிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் புளி வந்து இறங்கும். மேல் ஓட்டை உடைக்க வேண்டும், நாரை உரிக்க வேண்டும், கல்லின்மேல் வைத்து இரும்புக் கம்பியால் தட்ட வேண்டும். கொட்டை தெறிக்க வேண்டும், சதை நசுங்கக் கூடாது. நாள் முழுக்கத் தட்டினால் புளிப்பு நகக்கண்ணை அரித்துவிடும். வீட்டுக்குப் போய் விளக்கெண்ணெய் தடவினால்தான் சோற்றில் கை வைக்க முடியும். ஓட்டுத் தூசி தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு ஆடி மாசம் வரைக்கும் இருமல் விடாது. அத்தனைக்கும் நாங்கள் வருசா வருசம் அந்த மண்டிக்குத்தான் போனோம், வேறு மண்டிக்குப் போனதில்லை. அதற்குக் காரணம் பெரிய பாய்.

பெரிய பாய் என்று நாங்கள் சொல்வது தஸ்தகீர் சாயபுவை. சாயங்காலம் வேலை முடிந்து கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தால், அவர் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு கூடையில் அன்றைக்குத் தட்டிய புளி இருக்கும். ஒவ்வொருத்திக்கும் ஓர் உருண்டை உருட்டித் தன் கையால் கொடுப்பார். கொடுக்கும்போது, "இன்னைக்கு வூட்ல என்ன கொழம்பு?" என்று கேட்பார். கத்தரிக்காய் என்றால் ஓர் அளவு. கீரை என்றால் ஒரு சிட்டிகையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு சிரிப்பார். மீன் என்று சொல்லிவிட்டால், "அப்ப இது பத்தாதே" என்று இன்னொரு உருண்டையையும் வைப்பார். எந்த வீட்டில் விருந்துக்கு ஒறம்பறை வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் காய்ச்சல் என்று அடுப்பு எரியவில்லை, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அவருக்குத் தெரிந்துவிடும். அதைக் குழம்புப் புளி என்போம். எங்கள் தெருவில் கடையில் புளி வாங்கியவர்கள் கிடையாது.

சத்துணவு போட ஆரம்பித்த மறுவருசம் பெரிய பாய் காலமாகிவிட்டார். மகன் அப்துல் ரஷீத் மண்டிக்கு வந்தார். எங்களுக்கு அவர் சின்ன பாய். டவுசர் போட்ட காலத்தில் பாஞ்சாலியை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு கொட்டைக் குவியலில் சறுக்கி விளையாடிய பிள்ளை. கெட்டவர் இல்லை, அதை நான் அடித்துச் சொல்வேன். சேலத்தில் படித்துவிட்டு வந்தவர், எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வந்த முதல் வாரமே எல்லாரையும் கூப்பிட்டு, இனிமேல் உருண்டை கிடையாது, அதற்குப் பதிலாகக் கிலோவுக்கு ஐந்து பைசா கூட்டியிருக்கிறேன், கணக்குப் போட்டால் உங்களுக்குத்தான் லாபம் என்றார். லாபம்தான். நாங்களும் தலையை ஆட்டினோம்.

ஆனால் நேற்றுவரை கையில் கொடுத்த புளி அன்றையிலிருந்து திருட்டுப் புளி ஆகிவிட்டது. அதை அவர் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. பழைய ஞாபகத்தில் யாரோ ஒருத்தி ஒரு துண்டை மடியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். உடனே வாசலில் மாதப்பன் என்று ஒருத்தனைக் கையில் கோலோடு நிறுத்தினார் சின்ன பாய். ஒவ்வொருத்தியும் வெளியே போகும்போது மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆம்பிளைகள் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

பத்து நாள் உதறினோம். பதினோராவது நாள் பாஞ்சாலியின் மடியிலிருந்து ஒரு கொட்டை விழுந்தது.

கொட்டை என்றால் ஒரே ஒரு புளியங்கொட்டை. தட்டும்போது தெறித்து எங்கள் கொண்டையில், ஜாக்கெட்டில், புடவைக் கொசுவத்தில் எல்லாம் ஒட்டியிருக்கும். வீட்டில் போய்க் குளித்தால் நாலு விழும். அன்றைக்கு மதுரை லாரி வந்திருந்தது. லாரிக்காரர் சவுரியப்பன் கட்டி வைத்த புளிச் சிப்பங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். சின்ன பாய் பக்கத்தில் நின்றார். லோடில் எடை குறைகிறது என்று மதுரை வியாபாரி கடிதம் போட்டிருந்த எரிச்சல் அவருக்கு. கீழே கிடந்த கொட்டையைப் பார்த்தார்.

"பதினோரு வருசமா இருக்கிறவளே திருடினா, நேத்து வந்தவள நான் என்ன சொல்றது?"

பாஞ்சாலி குனிந்து அந்தக் கொட்டையை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். சின்ன பாயின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தாள்.

"எண்ணி வச்சுக்கங்க, பாய்" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினாள்.

மறுநாள் அவள் வரவில்லை. யாரையும் அவள் வராதே என்று சொல்லவும் இல்லை. இதைச் சிலர் நம்ப மாட்டார்கள், பாஞ்சாலி தூண்டிவிட்டாள் என்பார்கள். நான் பக்கத்து வீடு. அவள் வாயைத் திறக்கவே இல்லை. அவளுடைய கல் வெறுமனே கிடந்ததைப் பார்த்துக்கொண்டு எங்களால் தட்ட முடியவில்லை, அவ்வளவுதான். முதலில் நான் வேலையிலிருந்து நின்றேன். பிறகு மூன்று பேர், பிறகு ஆறு பேர். ஒருத்திக்குச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. சிலர் செங்கல் சூளைக்குப் போனார்கள், சிலர் பாப்பிரெட்டிப்பட்டி மண்டிக்கு பஸ் ஏறினார்கள். பஸ் காசு போனால் இங்கே கிடைத்ததைவிடக் குறைச்சல்தான் கையில் நிற்கும். இருந்தாலும் போனார்கள்.

சின்ன பாய் சும்மா இருக்கவில்லை. கூலியை இன்னும் ஐந்து பைசா கூட்டினார். யாரும் வரவில்லை. வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதினைந்து பேர் போனோம், நானும்தான் போனேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஒரு வாரம் தட்டினோம். வாசலில் மாதப்பன் கோலோடு அப்படியே நின்றான். டம்ளரோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த டம்ளரில்தான் நான் இன்றைக்கும் காப்பி குடிக்கிறேன். பிறகு எங்கிருந்தோ வெளியூர் ஆட்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார். நாலாம் நாள் அவர்கள் நகக்கண் எரிகிறது என்று அழுதுகொண்டே அதே வேனில் ஏறிப் போனார்கள்.

கடைசியில் மாதப்பனே போய்விட்டான். அந்தக் கதையைச் சொன்னால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். மிச்சமிருந்த ஏழெட்டுப் பேரில் செல்லி ஒருத்தி. மாதப்பனின் பெண்டாட்டிக்குத் தாய். அவள் வாசலுக்கு வரும்போது மட்டும் அதுவரைக்கும் அவன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். ஒரு நாள் சின்ன பாய் பின்னாலேயே நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல், "உதறுங்க, அத்தை" என்றான்.

செல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் மாப்பிள்ள, எம் பொண்ணு ஒங்க வூட்டுக்கு வந்தப்பவும் இப்படித்தான் உதறிப் பாத்துக் கூட்டிட்டுப் போனீங்களா?"

பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. மாதப்பன் கோலைச் சுவரில் சாத்திவிட்டுப் போனவன்தான். மறுநாள் அவனும் வரவில்லை, செல்லியும் வரவில்லை.

இதற்குள் சித்திரை பாதி போய்விட்டது. களத்தில் முந்நூறு மூட்டைப் புளி உடைக்காமல் கிடந்தது. கோடை மழை ஒன்று அடித்தால் போதும், புளி கறுத்துக் கூழாகிவிடும். மாசக் கடைசிக்குள் லோடு வராவிட்டால் வேறு மண்டியைப் பார்த்துக்கொள்வதாக மதுரைக்காரர் சொல்லிவிட்டார். சின்ன பாய்க்கு அந்தக் கவலை.

பாஞ்சாலிக்கு வேறு கவலை. காவேரியைப் பெண் பார்க்கப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். பிள்ளை போஸ்ட் ஆபீஸில் வேலை. பெண்ணைப் பிடித்திருந்தது. தட்டு மாற்ற நாள் குறிக்கிற நேரத்தில், பிள்ளையின் சித்தப்பா, மண்டியில் ஏதோ திருட்டுச் சமாசாரம் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்களே, அது எந்தப் பாஞ்சாலி என்று கேட்டார். கேட்டுவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். பன்னிரண்டு நாளாகியும் சொல்லியனுப்பவில்லை. காவேரி தண்ணிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் சின்ன பாய் டிவிஎஸ் பிப்டியில் எங்கள் தெருவுக்கு வந்தார். ஆளை அனுப்பாதே, நீயே போ என்று அவருடைய அம்மா அக்தர் பேகம் சொன்னார்களாம். பாஞ்சாலி வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் கூட உட்கார்ந்திருந்தேன். எழுந்து கட்டிலை இழுத்துப் போட்டாள், சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கூலியில்தான் ஆரம்பித்தார்.

"எவ்வளவு வேணும்னு நீயே சொல்லு, பாஞ்சாலி."

"கூலியில எங்களுக்குக் கொறை ஒண்ணும் இல்லீங்க, பாய்."

"அப்ப என்னதான் வேணும்?"

"நாப்பது பேரு போனாங்க. ஏன் போறேன்னு ஒருத்தியையாச்சும் கேட்டீங்களா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். டம்ளர் கொடுத்தது, வேன் வைத்தது எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். பாஞ்சாலி கடலையைக் கீழே வைத்துவிட்டு, மூன்று காரியம் வேண்டும் என்று ஆரம்பித்தாள். கோல் இருக்கக் கூடாது, வாசலில் யாரும் மடி உதற மாட்டார்கள். குழம்புப் புளி திரும்ப வேண்டும். இரண்டுக்கும் அவர் உடனே சரி என்றார். அப்பா மாதிரியே முக்காலி போட்டு உட்கார்ந்து தானே உருட்டிக் கொடுப்பதாகவும் சொன்னார்.

"வேண்டாங்க" என்றாள் பாஞ்சாலி. "பெரிய பாய் கையில வாங்குனோம், அது வேற கை. நீங்க கூடைய வாசல்ல வச்சுட்டு அந்தப் பக்கம் போயிருங்க. எங்களுக்கு வேணுங்கறத நாங்களே எடுத்துக்குவோம். ஒருத்தரும் நின்னு பாக்கக் கூடாது, நீங்களும்தான்."

அவர் முகம் சுருங்கியது. நாற்பது பேர் அள்ளினால் என்ன ஆவது என்று மனசுக்குள் ஓடியிருக்கும். ஆனால் மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் சரி என்றார். மூன்றாவது என்ன என்று கேட்டார்.

"என்னத் திருடின்னீங்க. இல்லன்னு சொல்லணும்."

"சரி, நீ திருடி இல்ல. எனக்குத் தெரியாதா? கோவத்துல வந்திருச்சு, வுடு."

"அங்க சொன்னத இங்க வந்து திருப்பி எடுத்துக்க முடியாதுங்க, பாய். மண்டி வாசல்ல சொல்லணும். எல்லாரும் இருக்கணும். அந்த லாரிக்காரரும் இருக்கணும்."

லாரிக்காரர் எதற்கு என்று எனக்கே தோன்றியது. வாயை விட்டுக் கேட்டும்விட்டேன். பாஞ்சாலி என்னைப் பார்த்து, "நம்ம ஊரோட போன பேச்சா சென்னக்கா அது, லாரியில ஏறி ஊர் ஊராப் போச்சு, அவருதான் இறக்கி வைக்கணும்" என்றாள். சின்ன பாய் எழுந்துவிட்டார். தன்னிடம் வேலை செய்கிறவர்கள் முன்னால் தலை குனிய முடியாது, புளி கறுத்தால் கறுக்கட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. நாலு தடவை உதைத்தார். பாஞ்சாலி எழுந்து போய்ப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் அவளைத் திட்டினேன். பொண்ணு கல்யாணம் நிற்கிறது, கிடைத்த இரண்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றேன். உள்ளேயிருந்து காவேரிதான் பதில் சொன்னாள்: "எங்கம்மா கேட்டதுதான் சரி, பெரீம்மா."

மறுநாள் சாயங்காலம் ஒரு தூறல் போட்டது. பெரிய மழை இல்லை, மண் வாசனை கிளம்புகிற அளவுக்குத்தான். ஆனாலும் ஓரத்து மூட்டை எட்டு நனைந்துவிட்டது. அதற்கடுத்த வியாழக்கிழமை லாரி வருகிற நாள். விடிந்ததும் செல்லி மூச்சிரைக்க ஓடிவந்தாள். வேலையை விட்ட மாதப்பனையே கூப்பிட்டு அனுப்பி, சின்ன பாய் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார் என்றாள். சூளைக்குப் போனவர்கள், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சத்துணவு ஆயாகூட அரிசியை உலையில் போட்டுவிட்டு எட்டிப் பார்க்க வந்தாள்.

மண்டி வாசலில் லாரி நின்றது. சவுரியப்பனைக் கீழே இறங்கச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தார் சின்ன பாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விசயத்தைச் சொன்னதும், "அத நான் அன்னிக்கே மறந்துட்டேனேம்மா" என்றார்.

"நான் மறக்கலீங்களே" என்றாள் பாஞ்சாலி.

சின்ன பாய் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் ஆரம்பித்தவர், நடுவில் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார்.

"இந்த எடத்துல நின்னு நான் ஒரு தப்பான பேச்சுப் பேசிட்டேன். பாஞ்சாலி அக்கா இந்த மண்டியில ஒரு கொட்டைய எடுத்தவங்க இல்ல. எங்க அப்பா இருந்திருந்தா என்னத்தான் வெளிய அனுப்பியிருப்பாரு."

அக்கா என்ற சொல் அவர் வாயில் வந்து எத்தனை வருசமாகியிருந்தது. பாஞ்சாலி தலையை ஆட்டினாள். நேராக உள்ளே போய்த் தன் கல்லைத் திருப்பிப் போட்டுத் தூசியைத் தட்டி உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். அன்றைக்கு மண்டியில் எழுந்த தட்டுச் சத்தத்தில் ரோட்டில் போன மாடு மிரண்டது. சவுரியப்பன் மதுரைக்குப் போகிற வழியில் டீ குடித்த கடையில் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் கூடை வாசலில் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இப்போது நான் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிறேன், நாங்கள் அள்ளினோம். இரண்டு கையாலும் அள்ளினோம். கூடையின் அடி தெரிந்தது. எங்கள் பின்னால் வந்த பாஞ்சாலிக்குக் கூடையில் ஒட்டியிருந்தது மட்டும்தான் மிச்சம். சின்ன பாய் தூரத்திலிருந்து வந்து கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ரெண்டு மாசக் கொழம்ப இன்னைக்கே எடுத்துட்டுப் போறாளுங்க. நாலு நாள் பொறுங்க" என்றாள்.

இரண்டாம் நாளும் காலி. மூன்றாம் நாள் பாதி நின்றது. நாலாம் நாளிலிருந்து ஒவ்வொருத்தியும் அன்றைய குழம்புக்கு எவ்வளவோ அவ்வளவு கிள்ளிக்கொண்டு போனோம். கீரை என்றால் சிலர் கையே வைக்கவில்லை. மிஞ்சியதை மறுநாள் சிப்பத்தில் போட்டார்கள். சொல்லி வைத்து யாரும் செய்யவில்லை. காவலே இல்லாத கூடையில் எப்படி அதிகமாகக் கை வைப்பது?

முந்நூறு மூட்டையையும் பதினோரு நாளில் முடித்தோம். சோறு தின்கிற நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டோம், அவர் கேட்கவில்லை, நாங்களாகச் செய்தோம். கடைசி லாரி பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டு முக்கில் திரும்பியதும் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. வெறும் களத்தில் தண்ணீர் ஓடியதைத் தகரக் கொட்டகைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நாங்கள் சிரித்தோம். சத்தத்தில் யார் சிரிப்பது யாருக்கும் கேட்கவில்லை.

அந்த வாரமே பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். பிள்ளையின் சித்தப்பா தானே வந்தார். லாரிக்காரர் டீக்கடையில் சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது. பாஞ்சாலி அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பிள்ளையைப் பற்றி நாங்களும் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது, சொல்லியனுப்புகிறோம் என்றாள். மனுசனுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எட்டு நாள் கழித்துத்தான் சரி என்றாள். ஆவணியில் கல்யாணம். பந்திக்குப் புளிச் செலவு முழுக்க மண்டியிலிருந்து வந்தது.

மறுவருசம் பாஞ்சாலிதான் மண்டிக்கு மேஸ்திரி. வேலையை விடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவள் கோபப்பட மாட்டாள். பக்கத்தில் உட்காரவைத்து ஏன் என்று கேட்பாள், முழுக்கக் கேட்பாள். ஒருத்திக்குத் தூசியில் மூச்சு முட்டியது, அவளைச் சிப்பம் கட்டுகிற பக்கம் மாற்றினாள். ஒருத்திக்குக் கைக்குழந்தை, கொட்டகைத் தூணில் தூளி கட்டினாள். அதற்கப்புறம் நான் வேலை செய்த ஆறு வருசத்தில் நடுப்பருவத்தில் வேலையை விட்டு நின்றவள் ஒருத்திதான், அவளும் கல்யாணமாகி ஓசூர் போனவள். என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று பாப்பிரெட்டிப்பட்டி மண்டிக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். உங்களைவிட நாலு பைசா குறைச்சல்தான் என்று சின்ன பாய் சொன்னதை அவர்கள் நம்பவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது சின்ன பாய் வந்த அந்த முதல் பருவத்தின் கடைசிச் சாயங்காலம்தான். மழை விட்டிருந்தது. எல்லாரும் கூடையில் குழம்புப் புளி எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தோம். சின்ன பாய் கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்தார். போகிற போக்கில் நின்றார். எங்களைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு குனிந்து, கூடையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன பாய், வூட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றாள் பாஞ்சாலி.

"அம்மா மீன் கொழம்பு வைக்கிறாங்க, அக்கா."

"அப்ப இது பத்தாதே" என்று சொல்லி, அவள் கூடையில் கைவிட்டு இன்னோர் உருண்டையை உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.